தராசில் ஒன்று, வில்லையில் வேறொன்று

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் கொலுசுக்காக வெள்ளியோடு செம்பைச் சேர்த்து உருக்கி வார்த்தால், கண்ணுக்கு அது ஒரே உலோகமாகத்தான் தெரியும். நுண்ணோக்கியில் வைத்தால் வெள்ளி மிகுந்த மணிகளும் (சிறு படிகங்களும்) செம்பு மிகுந்த மணிகளும் தனித்தனியே கிடக்கும். இரண்டு உலோகமும் ஒரே முகமையக் கனசதுர அமைப்பு (மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணுக்கள்) கொண்டவைதான். ஆனால் வெள்ளியின் அணிக்கோவை அளவு, அதாவது அந்தக் கனசதுரத்தின் பக்க நீளம், 4.086 ஆங்ஸ்ட்ராம், செம்புக்கு 3.615. ஏறத்தாழ 12 சதவீத வித்தியாசம். 779 டிகிரி செல்சியஸில்கூட வெள்ளி தன்னுள் கரைத்துக்கொள்ளும் செம்பு எடையில் 8.8 சதவீதம்தான், ஆற ஆற அதையும் வெளியே தள்ளிவிடும். கொலுசுக்கு அதனால் நட்டமில்லை, அந்தச் செம்புதான் வெள்ளியைக் கெட்டியாக்குகிறது. குறைகடத்திக் கலவை இப்படிப் பிரிந்துவிட்டால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது.

குறைகடத்திகளில் 'கலவை' என்றால், ஒரே படிகத்துக்குள் ஒரு தனிமத்தின் இடங்களை இரண்டு தனிமங்கள் பங்கிட்டுக்கொள்வது. அப்படி ஒரு கலவையை, இண்டியம் காலியம் ஆண்டிமனைடை, மூடிய குவார்ட்ஸ் குழாயில் உருக்கிப் படிகமாக வளர்ப்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை. முதலில் காலியம் ஆண்டிமனைடை எடுத்துக்கொள்வோம். துத்தநாக சல்ஃபைடின் கனசதுர வடிவம்தான் இதற்கும்: ஒரு முகமையக் கனசதுரத்தில் காலியம், கனசதுர மூலைவிட்டத்தில் கால் பங்கு தள்ளி வைத்த இன்னொரு முகமையக் கனசதுரத்தில் ஆண்டிமனி. ஒவ்வோர் அணுவையும் சுற்றி மற்ற இனத்தின் நான்கு அணுக்கள். இதில் காலியத்தின் இடங்களில் ஐந்தில் ஒன்றை இண்டியத்துக்குக் கொடுத்தால் ஆண்டிமனியின் வரிசை அப்படியே நிற்கும். காலியத்தின் வரிசையில் மட்டும் யார் எங்கே என்பது குலுக்கல்.

அந்தக் குலுக்கலைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. இண்டியம் பங்கு 0.2 என்றால், ஓர் ஆண்டிமனியைச் சுற்றி நான்குமே காலியமாக இருக்க வாய்ப்பு 0.8-இன் நான்காம் அடுக்கு, அதாவது 41 சதவீதம். மூன்று காலியம், ஓர் இண்டியம் என்பதற்கும் அதே 41 சதவீதம். இரண்டுக்கு இரண்டு என்பது 15 சதவீதம். 'ஒரே சீரான கலவை' என்று நாம் சொல்வது சராசரியில்தான் சீர்; அணு அளவில் பக்கத்துக்குப் பக்கம் வேறு.

பிணைப்பு நீளமும் இதையே காட்டுகிறது. இயற்பியலாளர் வெகார்டு 1921-இல் சொன்ன விதிப்படி அணிக்கோவை அளவு கலவை விகிதத்தோடு நேர்கோட்டில் மாறும். காலியம் ஆண்டிமனைடு 6.096 ஆங்ஸ்ட்ராம், இண்டியம் ஆண்டிமனைடு 6.479, 0.2 கலவைக்கு 6.173 வர வேண்டும், ஏறக்குறைய வரவும் செய்கிறது. இதை வைத்து எல்லாப் பிணைப்பும் ஒரே நீளத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வது வழக்கம். 1982-இல் மிக்கெல்சனும் பாய்சும் இண்டியம் காலியம் ஆர்சனைடில் எக்ஸ்-கதிர் உட்கவர்தலை வைத்துப் பிணைப்புகளைத் தனித்தனியே அளந்தார்கள். காலியம்–ஆர்சனிக் பிணைப்பு தன் பழைய நீளத்தையும், இண்டியம்–ஆர்சனிக் பிணைப்பு தன் பழைய நீளத்தையும் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கவில்லை. சராசரி மட்டும் வெகார்டு கோட்டில் நிற்கிறது. உள்ளே பிணைப்புகள் கோணம் வளைந்து இடம் பண்ணிக்கொள்கின்றன. அந்த வளைவுக்கான ஆற்றல்தான் கலவையைப் பிரிக்கப் பார்க்கிற சக்தி. அணிக்கோவை வித்தியாசம் 0.14 சதவீதமே உள்ள அலுமினியம் காலியம் ஆர்சனைடில் அது ஒரு பொருட்டே இல்லை. காலியம் நைட்ரைடில் இண்டியத்தைச் சேர்க்கும்போது வித்தியாசம் 11 சதவீதத்தை ஒட்டி வருகிறது. நீல விளக்குக்கான படலத்தில் இண்டியத்தைக் கூட்டக் கூட்டப் பிரச்சினை கிளம்புவது அதனால்தான். நம்முடைய ஆண்டிமனைடு ஜோடிக்கு 6 சதவீதம். வளர்க்கும் வெப்பநிலையில் எல்லா விகிதத்திலும் கலக்கும்.

எந்த அலைநீள ஒளியோடு பொருள் வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் இடைவெளி மட்டும் நேர்கோட்டில் போகாது. அறை வெப்பநிலையில் காலியம் ஆண்டிமனைடுக்கு 0.726, இண்டியம் ஆண்டிமனைடுக்கு 0.17 எலெக்ட்ரான் வோல்ட். நேர்கோடு போட்டால் 0.2 கலவைக்கு 0.61 வரும். நடுவில் கோடு தொய்கிறது. அந்தத் தொய்வைச் சேர்த்தால் 0.55 தான். அலைநீளத்தில் 2.3 மைக்ரான் பக்கம். கலவை சற்று மாறினாலும் அலைநீளம் மாறும் என்பதால், வளர்த்த கட்டியை அறுத்தால் வில்லைக்கு வில்லை கலவை என்ன என்பது வெறும் கணக்கு வேலை அல்ல.

ஏன் ஆண்டிமனைடு

நம் பக்கத்துக் கல்லூரிகளில் படிக வளர்ப்பு என்றால் பெரும்பாலும் பீக்கரில் கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) அல்லது கிளைசின் உப்பு, மேலே துளையிட்ட தாள், பொறுமை. நல்ல பயிற்சிதான். ஆனால் உருக்கி வளர்ப்பதில் வரும் சிக்கல்களை அது கற்றுத்தராது. குறைகடத்தியை உருக்கி வளர்க்க ஆசைப்படுபவர் ஆர்சனைடிலோ பாஸ்பைடிலோ தொடங்கக் கூடாது. காலியம் ஆர்சனைடு 1,240 டிகிரி அருகே உருகும்போது ஆர்சனிக் ஆவி ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம். இண்டியம் பாஸ்பைடில் பாஸ்பரஸ் ஆவி 27 வளிமண்டலத்துக்கு மேல். கேட்மியம் டெல்லுரைடில் இரண்டு தனிமமும் சேரும்போது கிளம்பும் வெப்பமே குழாயை வெடிக்க வைக்கும். காலியம் ஆண்டிமனைடு 712 டிகிரியில் உருகுகிறது, இண்டியம் ஆண்டிமனைடு 527-இல். ஆண்டிமனியின் ஆவி அழுத்தம் இந்த வெப்பநிலையில் மிகக் குறைவு. 'காந்தல்' என்ற சூடேற்றும் கம்பி சுற்றிய சாதாரணச் சூளையும், வெப்பநிலையை அளக்கும் கே வகை வெப்ப இரட்டையும் போதும். முதல் கலவைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் கருத்து.

காலியத்துக்கும் நம் ஏற்காட்டு மலைக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே வெட்டிய பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் அலுமினியமானது. காலியத்துக்கென்று தனிச் சுரங்கம் உலகில் எங்கும் பெரிதாகக் கிடையாது. பாக்சைட்டில் பத்து லட்சத்தில் சுமார் ஐம்பது பங்கு கலந்திருக்கும் காலியம், அலுமினாவைப் பிரிக்கும் காரக் கரைசல் திரும்பத் திரும்பச் சுற்றிவரும்போது அதில் சேர்ந்துகொண்டே போகும். உலகக் காலியத்தின் பெரும்பகுதி அந்தக் கரைசலிலிருந்து எடுப்பதுதான்.

எடை போடுவது

20 கிராம் கலவைக்கு, இண்டியம் 0.2, காலியம் 0.8, ஆண்டிமனி 1 என்ற அணு விகிதத்தில்: இண்டியம் 2.291 கிராம், காலியம் 5.564, ஆண்டிமனி 12.146. தூய்மை குறைந்தது 99.999 சதவீதம். நான்கு தசமத் தராசு வேண்டும்.

இதில் படுத்தி எடுப்பது காலியம். உருகுநிலை 29.76 டிகிரி. சேலத்து ஏப்ரலில் பாட்டிலைத் திறந்தால் பாதரசம் போல ஓடும். அதே பாட்டில் ஏற்காட்டில் இரவு முழுக்க இருந்தால் கல்லாகிக் கிடக்கலாம். உறையும்போது 3 சதவீதம் பருக்கும் என்பதால் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கக் கூடாது, பாலிஎத்திலீன்தான். திரவமாக இருந்தால் கண்ணாடியிலும் விரலிலும் ஒட்டிப் பூசிக்கொள்ளும். அலுமினியத்தில் ஒரு துளி பட்டால் அந்த இடம் நாளடைவில் பிஸ்கட் போல உதிரும். தராசின் தட்டு, இடுக்கி, மேசை விளிம்பு எதுவும் அலுமினியமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்பெட்டியில் வைத்தாலும் காலியம் உடனே உறையாது, வெகுநேரம் திரவமாகவே அடம்பிடிக்கும். ஏற்கெனவே உறைந்த ஒரு சிறு துணுக்கைத் தொட வைத்தால் சரசரவென்று உறைந்துவிடும். குழாய்க்குள் உறைந்த துண்டாகப் போடுவதே நல்லது. திரவமாக ஊற்றினால் கழுத்தின் உட்சுவரில் ஒரு கோடு விழும். சுடரில் அந்த இடம் ஆக்சைடாகி, மூட்டு பார்க்க நன்றாக இருந்தும் காற்று கசியும்.

எடை போடும் வரிசையும் முக்கியம். காலியத்தை இலக்கு எடைக்குத் துல்லியமாகக் கொண்டுவர முயல வேண்டாம். முதலில் காலியத்தை எடுத்து என்ன எடை வந்ததோ அதைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மற்ற இரண்டையும் கணக்கிடுங்கள். இண்டியத்தைக் கத்தியால் சீவலாம், ஆண்டிமனியை உடைத்துச் சிறு துணுக்குகளாகச் சேர்த்துச் சரிசெய்யலாம். இண்டியத்தின் மேல் ஆக்சைடுப் படலம் இருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொஞ்சம் முக்கி, அயனி நீக்கிய நீரில் அலசி உலர்த்துங்கள். குழாயில் ஆண்டிமனி அடியில், அதன்மேல் இண்டியம், கடைசியில் காலியம். இண்டியமும் காலியமும் தொட்டுக்கொண்டால் 16 டிகிரிக்குக் கீழேயே உருகத் தொடங்கும் என்பதால் போட்டதும் வெற்றிடப் பம்ப்பில் மாட்டிவிட வேண்டும்.

குழாய்

உள்விட்டம் 10 மி.மீ, சுவர் 1.5 மி.மீ குவார்ட்ஸ். அடி கூம்பாக, நுனி ஓர் ஊசி முனை அளவுக்குக் குறுகி இருக்க வேண்டும். முதலில் பல மணிகள் முளைத்தாலும் ஒன்றிரண்டு மட்டும் அந்தக் குறுகலைத் தாண்டி வரட்டும் என்பதற்காக. 20 கிராம் பொருள் சுமார் 4.5 செ.மீ உயரம் நிற்கும். சோப்பு, ராஜ திராவகம், அயனி நீக்கிய நீர் என்று கழுவுங்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இன்னும் நன்றாகச் சுத்தம் செய்யும்தான், ஆனால் ஒழுங்கான புகைப்போக்கியும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஆழ்குழாய்த் தண்ணீரில் அலசினால் சேலம் வட்டாரக் கடினநீரின் வெள்ளைப் படிவு சூட்டில் குவார்ட்ஸோடு சேர்ந்து, அந்த இடம் மங்கி விரிசல் விடும்.

கழுவிய குழாயின் உட்புறம் கரிப்பூச்சு அவசியம். ஆர்கானை அசிட்டோன் வழியே குமிழியிட்டு, 900 டிகிரியில் இருக்கும் குழாய்க்குள் விட்டால் கறுப்புக் கண்ணாடி போலப் படலம் படியும். அசிட்டோன் பாட்டில் சூளையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கட்டும். குழாயில் காற்று மிச்சமிருந்தால் தீப்பிடிக்கும். பூச்சு இல்லாத இடத்தில் உருகிய பொருள் சுவரில் ஒட்டும். ஒட்டுவதன் கேடு கடைசியில்தான் தெரியும்: ஆண்டிமனைடு உறையும்போது தண்ணீரைப் போலப் பருக்கிறது. காலியம் ஆண்டிமனைடு திரவத்தின் அடர்த்தி 6.03, திண்மம் 5.61. நழுவ இடமில்லாமல் ஒட்டிப் பருத்தால் குவார்ட்ஸ் பிளக்கும், அல்லது படிகம் பிளக்கும்.

குழாய்க்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் பத்தாயிரத்தில் ஒரு மில்லிபாருக்கும் கீழே, முடிந்தால் அதிலும் பத்தில் ஒரு பங்குக்கு இறக்கிவிட்டு மூடுங்கள். பொருள் இருக்கும் அடிப்பகுதியில் ஈரத்துணி சுற்றாவிட்டால் சுடரின் சூட்டில் இண்டியம் 157 டிகிரியிலேயே உருகிவிடும். கழுத்தை முன்பே ஒடுக்கி வைத்திருந்தால் வெள்ளிப் பட்டறையில் இருக்கும் ஆக்சிஜன்–எல்பிஜி சுடரே போதும். இல்லாவிட்டால் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் தேவை. வெல்டிங் கண்ணாடி போடாமல் வெள்ளையாய் எரியும் குவார்ட்ஸைப் பார்க்காதீர்கள்.

மூடிய குழாயை மணிக்கு 100 டிகிரி வேகத்தில் ஏற்றி, ஆண்டிமனி உருகும் 631-ஐத் தாண்டியதும் சில மணி நேரம் நிறுத்தி, 800-இல் ஒரு நாள் வைத்து, அவ்வப்போது சூளையைச் சாய்த்துக் கலக்க வேண்டும். இந்த நிலையில் உள்ளே இருப்பது உண்மையிலேயே சீரான திரவம். முழு வேலையிலும் தராசில் போட்ட விகிதம் எல்லா இடத்திலும் அப்படியே இருப்பது இந்தக் கட்டத்தில் மட்டும்தான்.

உறையத் தொடங்கியதும்

0.2 இண்டியம் உள்ள திரவத்திலிருந்து முதலில் உறையும் திண்மத்தில் 0.2 இண்டியம் இருக்காது. உருகுநிலை கூடிய காலியம் ஆண்டிமனைடு முந்திக்கொள்ளும். இண்டியம் திரவத்திலேயே தங்கும். திண்மத்தின் இண்டியத்தைத் திரவத்தின் இண்டியத்தால் வகுத்தால் கிடைப்பது பிரிவுக் கெழு. அது கலவையோடு மாறுகிற எண்தான், ஆனாலும் 0.3 என்று நிலையாக வைத்துக்கொண்டு, திரவம் நன்றாகக் கலந்தபடியே இருக்கிறது என்றும் கொண்டு உறைய உறையக் கலவை எப்படி மாறும் என்று சொல்லும் ஷெயில் சமன்பாட்டைப் போட்டால் நிலவரம் புரியும். முதலில் உறையும் அடி நுனியில் இண்டியம் பங்கு 0.06. பாதி உறைந்தபோது 0.10. ஐந்தில் நான்கு பங்கு உறைந்த இடத்தில் 0.19. பத்தில் ஒன்பதில் 0.30. அதற்கு மேல் எகிறும். நாம் எடை போட்ட 0.2 என்பது அந்தக் கட்டியில் எங்கோ ஒரு மெல்லிய தட்டில் மட்டும் இருக்கிறது, அதுவும் மேல் முனைக்கு அருகில்.

நுனிக்கும் நடுவுக்கும் அணிக்கோவை அளவில் கால் சதவீதம் வித்தியாசம். காலியம் ஆண்டிமனைடும் இண்டியம் ஆண்டிமனைடும் சூட்டில் விரியும் அளவும் வேறு. ஆற வைக்கும்போது கட்டி தானாக விரிசல் விடுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அடுத்தது வேகம். ஒதுக்கப்பட்ட இண்டியம் உறையும் முகப்புக்கு, அதாவது திண்மமும் திரவமும் சந்திக்கும் இடத்துக்கு, முன்னால் தேங்குகிறது. தேங்கிய திரவத்தின் உறைநிலை குறைவு, சற்றுத் தள்ளியிருக்கும் திரவத்தின் உறைநிலை அதிகம். சூளையின் வெப்பநிலைச் சரிவு போதாவிட்டால், முகப்புக்கு அப்பால் இருக்கும் திரவம் தன் உறைநிலைக்குக் கீழே போய்விடும். அப்போது தட்டையாக வளர்ந்த முகப்பு விரல் விரலாக நீண்டு, இடுக்குகளில் இண்டியம் மிகுந்த திரவம் சிக்கி, பல மணிகளாக உடையும். இந்தக் கணக்கை 1953-இல் டில்லர், ஜாக்சன், ரட்டர், சால்மர்ஸ் நால்வரும் போட்டுக் கொடுத்தார்கள். நம் கலவைக்கு உறையும் வெப்பநிலை இடைவெளி 45 டிகிரி, திரவத்தில் பரவல் வேகம் வினாடிக்குப் பத்தாயிரத்தில் ஒரு சதுர செ.மீ, சூளைச் சரிவு செ.மீட்டருக்கு 30 டிகிரி என்று தோராயமாக வைத்தால் மணிக்கு 2 மி.மீ சுற்றுவட்டாரம் வருகிறது. அது எல்லை, இலக்கு அல்ல. மேலே போகப் போக இண்டியம் கூடி எல்லை இன்னும் சுருங்கும். சூளையின் சூடான மேல் மண்டலத்திலிருந்து சூடு குறைந்த கீழ் மண்டலத்துக்குக் குழாயை மோட்டாரால் மணிக்கு அரை மி.மீட்டரில் இறக்குங்கள்.

4.5 செ.மீ கட்டி, மணிக்கு அரை மி.மீ, ஆகவே 90 மணி என்று கணக்குப் போட்டு விடுபவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தொடக்கத்தில் உறைநிலை 700 டிகிரியை ஒட்டி, முடிவில் 530-ஐ ஒட்டி. சூளையில் 700 இருக்கும் இடத்துக்கும் 530 இருக்கும் இடத்துக்கும் நடுவே 5 செ.மீட்டருக்கு மேல் தூரம். குழாய் இறங்க இறங்க உறையும் முகப்பும் சூளைக்குள் கீழ்நோக்கிப் பின்தங்கும். அதனால் உண்மையான வளர்வேகம் மோட்டார் வேகத்தைவிடக் குறைவு, மொத்த நேரம் எட்டு நாள் அளவுக்கு நீளும். 90 மணியில் நிறுத்திச் சூளையை அணைத்தால் மேல் பாதி ஒரே மூச்சில் உறைந்துபோகும்.

மேல் மண்டலம் 780, கீழ் மண்டலம் 480. வேலை தொடங்கும் முன் அதே அளவு வெற்றுக் குழாய்க்குள் வெப்ப இரட்டையை விட்டு, அரை செ.மீட்டருக்கு ஒரு புள்ளி என்று வெப்பநிலையை அளந்து படம் போட்டுவிடுங்கள். கட்டுப்பாட்டுப் பெட்டி காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். சூளையின் இரு வாயிலும் பீங்கான் பஞ்சை அடைக்காவிட்டால் காற்று புகைபோக்கி போல மேலே இழுத்து, சரிவு நிமிடத்துக்கு நிமிடம் மாறும். குழாய் செங்குத்தாக, அடியிலிருந்து மேலாக உறைவதில் ஒரு வசதி உண்டு: இண்டியம் மிகுந்த திரவம் கனமானது, ஒதுக்கப்பட்ட இடத்திலேயே அமைதியாக நிற்கும். தலைகீழாக மேலிருந்து உறைய வைத்தால் அது கொட்டிக் கலக்கும். ஆனால் முகப்பு நடுவில் குழிந்திருந்தால் அந்தக் குழியில் போய்த் தேங்கும், வில்லையின் நடுவும் ஓரமும் வெவ்வேறு கலவையாகும்.

எட்டு நாள் என்றதும் மின்சாரம் நினைவுக்கு வர வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்நிறுத்தம் நாளிதழில் முன்கூட்டியே வரும். அந்த நாள் கழிந்த மறுநாள் தொடங்குங்கள். அப்படியும் எதிர்பாராத தடைக்கு ஏற்பாடு தேவை. இந்த அளவுச் சூளை நிலையான பின் 600 வாட் இழுக்கும் என்று வைத்தால் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றில் கணக்குக்கு 1.8 யூனிட் இருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் ஆறு பேட்டரியாவது வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால் இரண்டு பேட்டரி அது கிளம்பும்வரை தாங்கும். மோட்டாரை மட்டும் யு.பி.எஸ்ஸில் போட்டுச் சூளையை விட்டுவிடுவது எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு. சூளை அணைந்தால் மோட்டாரும் நிற்கும்படி ஒரு ரிலே போடுங்கள். பத்து நிமிடத் தடையானாலும் முகப்பு சட்டென்று முன்னே தாவி, இண்டியம் செறிந்த ஒரு கோடு கட்டியில் பதிந்துவிடும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் அதுவே மெல்லிய கோடுகளாக விழும். சர்வோ ஸ்டெபிலைசர் இதற்கு உதவும்.

முடிந்ததும் மணிக்கு 15 டிகிரி வீதம் ஆற்றுங்கள். அவசரமே வேண்டாம்.

அளப்பது

கட்டியை ஒரு மி.மீ வில்லைகளாக அறுத்து, நுனியிலிருந்து எண் போட்டு வையுங்கள். தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரமாகவே அறுக்க வேண்டும். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில்) செம்பின் கே-ஆல்ஃபா கதிருக்கு 220 தளத்தின் உச்சி காலியம் ஆண்டிமனைடில் 41.88 டிகிரி, இண்டியம் ஆண்டிமனைடில் 39.30, 0.2 கலவைக்கு 41.34. இந்தப் பக்கத்தில் இண்டியம் பங்கு 0.01 கூடினால் உச்சி 0.027 டிகிரிதான் நகரும். மாதிரியைத் தட்டில் சற்று உயர்த்தி வைத்தாலே அந்த அளவு பிழை வந்துவிடும் என்பதால் சிலிக்கான் தூளைக் கலந்து, அதன் 28.44 உச்சியை வைத்துச் சரிபார்க்க வேண்டும். மாதிரி உமிழும் எக்ஸ்-கதிரின் ஆற்றலை வைத்துத் தனிமங்களை அளக்கும் ஈடாக்ஸில் இன்னொரு பொறி: இண்டியத்தின் எல்-பீட்டா கோடும் ஆண்டிமனியின் எல்-ஆல்ஃபா கோடும் ஒன்றோடொன்று ஒட்டி விழும். இயந்திரம் தானாகப் பிரித்துச் சொல்லும் விகிதத்தைத் தூய இண்டியம் ஆண்டிமனைடை வைத்துச் சோதிக்காமல் எழுதக் கூடாது.

கட்டி முழுவதையும் அரைத்து ஒரே தூளாக்கி, அகன்று சாய்ந்த ஓர் உச்சியை எடுத்து, அதன் நடுப்புள்ளிக்கு 'இண்டியம் 0.2' என்று பெயர் வைக்கும் ஆய்வேடுகள் உண்டு. அந்த எண் தராசின் எண், படிகத்தின் எண் அல்ல. வில்லைக்கு வில்லை ஓர் அட்டவணை போட்டால் போதும், பார்ப்பவர் புரிந்துகொள்வார்.

சீரான கலவைதான் வேண்டுமென்றால் வழி இருக்கிறது: திரவத்தை இண்டியம் மிகுதியாகத் தொடங்கி, காலியம் ஆண்டிமனைடு உறைந்து குறையக் குறைய மேலிருந்து அதையே சிறிது சிறிதாக ஊட்டுவது. ஊட்டும் வேகம் உறையும் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும், ஊட்டிய துணுக்கு கரையாமல் முகப்பில் போய் உட்காரக் கூடாது. முதல் கட்டியின் வில்லை அட்டவணை கையில் இல்லாமல் அந்த வேகத்தைத் தீர்மானிக்க முடியாது. மேல் முனையின் இண்டியம் மிகுந்த, ஓட்டை விழுந்த கடைசி அரை செ.மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் கலவையை அளந்து எழுதி வைத்தால், அடுத்த முறை இண்டியம் மிகுந்த திரவத்துக்கு அதையே முதல் பொருளாகப் போடலாம்.